அத்தியாயம் 6: வாசலுக்கு வெளியே நாலடி – நடைபாதையில் எது உங்கள் வேலை, எது ஊராட்சியின் வேலை?

பெரம்பலூர் மாவட்டம் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்குத் திங்களும் வெள்ளியும்தான் முக்கியமான நாட்கள். வாரம் முழுவதற்குமான கூட்டம் அந்த இரண்டு கிழமைகளில் வந்து சேருகிறது. மாவிளக்குச் சாமான் பையோடு வயதானவர்களும், இடுப்பில் குழந்தையோடு பெண்களும் தெருவோரமாக நடந்து வருவார்கள். ஒரு வீட்டின் படி நீட்டிக்கொண்டிருந்தாலோ, ஒரு சாக்கடை மூடி உடைந்து கிடந்தாலோ, அவர்கள் வண்டி ஓடும் இடத்துக்கு இறங்கித்தான் ஆகவேண்டும். கோயில் இல்லாத தெருவிலும் நிலைமை இதுதான். பள்ளி விடும் நேரத்தில் பத்து நிமிடம் நின்று பார்த்தால் தெரியும்.

சொந்த வீடோ கடையோ வைத்திருப்பவர் தன் வாசலுக்கு முன்னால் உள்ள நடைபாதையைத் தானே எப்படிச் சரிசெய்வது, எதைத் தொடக்கூடாது, எதை ஊராட்சியிடம் கேட்டு வாங்குவது என்பதை இந்த அத்தியாயம் சொல்கிறது. உதாரணம் சிறுவாச்சூர் என்றாலும், தமிழ்நாட்டின் எந்தக் கிராம ஊராட்சிக்கும் இந்த முறை பொருந்தும்.

சட்டம் சொல்வது, சுருக்கமாக

முதலில் ஓர் ஒப்பீடு. நியூயார்க் நகரத்தில் வீட்டுக்கு முன்னால் உள்ள நடைபாதையைப் பழுதுபார்ப்பது சொத்துக்காரரின் கடமை. 2003-ல் வந்த உள்ளூர்ச் சட்டத்தின்படி, உடைந்த நடைபாதையில் ஒருவர் விழுந்து காயம்பட்டால் பெரும்பாலான கட்டட உரிமையாளர்கள்தான் நஷ்டஈடு தரவேண்டும். உரிமையாளரே குடியிருக்கும் சிறிய வீடுகளுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு.

நம் ஊரில் அப்படி இல்லை. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994, பிரிவு 110 கிராமச் சாலைகளைப் போடுவது, பழுதுபார்ப்பது, வடிகால் கட்டுவது, தெருவைச் சுத்தம் செய்வது எல்லாவற்றையும் கிராம ஊராட்சியின் கடமையாக வைத்திருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, ஊராட்சி ஒன்றியச் சாலை ஆகியவை மட்டும் அதில் சேராது. அதே சட்டத்தின் பிரிவு 131, பொதுச் சாலையில் சுவர், வேலி, வேறு எந்தத் தடையையும் யாரும் ஏற்படுத்தக்கூடாது என்கிறது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் வேலை மூன்று வகையாகப் பிரியும்.

1. உங்கள் வேலை: நீங்கள் வெளியே நீட்டியதை உள்ளே இழுப்பது. படி, சாய்தளம், கட்டைச்சுவர், செடித்தொட்டி, ஜெனரேட்டர், கடைப் பலகை எல்லாம் இதில் அடங்கும்.
2. அனுமதி வாங்கிச் செய்யும் வேலை: குடிநீர் இணைப்புக்காகத் தோண்டியதை மூடுவது, உங்கள் வாசலில் உள்ள சாக்கடை மூடியை மாற்றுவது, உடைந்த சிமென்ட் தளத்தில் ஒட்டுப்போடுவது.
3. கேட்டு வாங்கும் வேலை: தெரு முழுவதற்குமான தளம், வடிகால், தெருவிளக்கு, மின்கம்பம் மாற்றுவது.

பலர் மூன்றாவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். முதலாவதை முடித்துவிட்டு மனுக் கொடுத்தால் மனுவுக்கு வலு கூடும். உங்கள் படியே தெருவில் இருக்கும்போது அதிகாரி முதலில் பார்ப்பது அந்தப் படியைத்தான்.

படி 1: எல்லையைக் கண்டுபிடியுங்கள்

அளக்காமல் கடப்பாரையை எடுக்காதீர்கள்.

1. உங்கள் பட்டாவையும் அதோடுள்ள வரைபடத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் நடுவில் உள்ள வீடுகள் பெரும்பாலும் நத்தம் பட்டாவில் இருக்கும். மனையின் நீள அகலம் அதில் மீட்டரில் இருக்கும். 1 மீட்டர் என்பது ஏறக்குறைய 3 அடி 3 அங்குலம்.
2. பின்பக்க எல்லைக்கல்லிலிருந்து தெருப்பக்கம் நோக்கி அளந்து வாருங்கள். முன்பக்கத்திலிருந்து அளக்கத் தொடங்கினால், வெளியே நீட்டியதையே எல்லை என்று எடுத்துக்கொள்ள நேரும்.
3. எல்லை விழும் இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, டேப்பைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள்.
4. சந்தேகம் இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் 'அ' பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பாருங்கள். தெரு எந்தப் புல எண்ணில், என்ன வகையாகப் பதிவாகியிருக்கிறது என்பது அதில் இருக்கும். பக்கத்து வீட்டோடு தகராறு இருந்தால் கட்டணம் கட்டி சர்வேயரை அழைத்து அளப்பதுதான் வழி.
5. சாலை யாருடையது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிறுவாச்சூர் திருச்சி–சென்னை தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். நெடுஞ்சாலை நிலத்திலும் அணுகுசாலையிலும் ஊராட்சி அனுமதி செல்லாது. அங்கே 2002-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்பில் இருக்கிறது. அனுமதியில்லாமல் ஒரு கல் கூடப் போடாதீர்கள். குறை இருந்தால் 1033 என்ற எண்ணில் பதிவு செய்யுங்கள்.

படி 2: சாய்தளத்தையும் படியையும் உள்ளே இழுப்பது

இந்த அத்தியாயத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். நடைபாதை உடைவதற்கு மழையும் லாரியும் காரணம் என்கிறோம். அதைவிட, ஒவ்வொரு வாசலிலும் பைக் ஏற்றக் கட்டிய சிமென்ட் சாய்தளம்தான் பெரிய காரணம். ஒரு வீட்டுக்காரர் இரண்டடி நீட்டுகிறார், அடுத்தவர் மூன்றடி நீட்டுகிறார். இடையில் தண்ணீர் தேங்குகிறது. தேங்கிய இடத்தில் மண் இளகித் தளம் இறங்குகிறது. நடப்பவர் ஏறி இறங்கி ஏறி இறங்கி, கடைசியில் தெரு நடுவுக்கே போய்விடுகிறார்.

வீட்டுக்காரரிடம் ஒரு நியாயம் இருப்பதையும் மறுக்க முடியாது. பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதால் தெரு உயர்ந்து வீடு பள்ளமாகிவிட்டது. மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்கத்தான் பலர் வாசலை உயர்த்தினார்கள். இதற்காகத்தான் 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுத்தளம் போடவேண்டும் என்று அறிவுறுத்தினார். உங்கள் தெருவில் சாலை வேலை தொடங்கும்போது இதைச் சொல்லிக் கேளுங்கள். சாலை போட்டு முடித்தபின் கேட்டுப் பயனில்லை.

*சாய்தளக் கணக்கு:* ஓர் அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் வேண்டும். வாசல் தெருவைவிட 6 அங்குலம் உயரம் என்றால் சாய்தளம் 6 அடி. இதைத் தெருவில் வைக்க முடியாது. உங்கள் மனைக்குள் வைக்கலாம்.

எப்படிச் செய்வது:

1. எல்லைக்கோட்டுக்கு வெளியே உள்ள பகுதியைக் கட்டிங் மெஷினால் முதலில் நேர்கோடாக அறுத்துவிடுங்கள். அறுக்காமல் சம்மட்டியால் அடித்தால் அதிர்வு அடித்தளம் வரை போய், முன்சுவரில் விரிசல் விடும்.
2. பழைய வீடுகளில் படி முன்சுவரோடு சேர்த்துக் கட்டியிருக்கலாம். அப்படியானால் கொத்தனாரிடம் காட்டாமல் உடைக்கவேண்டாம்.
3. கேட்டை இரண்டு மூன்று அடி உள்ளே தள்ளிவைக்க முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் சாய்தளம் முழுவதும் உள்ளேயே அடங்கிவிடும்.
4. மனையில் இடமே இல்லை என்றால், பட்டறையில் சொல்லிக் கட்டம் போட்ட இரும்புத் தகட்டில் கழற்றிவைக்கும் சாய்தளம் செய்துகொள்ளுங்கள். வண்டி ஏற்றும் இறக்கும் நேரத்தில் மட்டும் போட்டுவிட்டு உள்ளே எடுத்துவைத்துவிட வேண்டும். அடியில் ரப்பர் ஒட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வழுக்கும்.
5. உடைத்த கழிவை அன்றைக்கே அகற்றுங்கள். சாக்கடையில் தள்ளிவிட்டால் அடுத்த மழைக்கு உங்கள் வாசலிலேயே தண்ணீர் நிற்கும்.

*குறிப்பு:* தனியாக ஒரு வீடு மட்டும் இழுத்தால் பலன் குறைவு. வரிசையில் நாலைந்து வீட்டாரிடம் பேசுங்கள். குற்றம் சொல்வதுபோல் தொடங்கக்கூடாது. "அண்ணே, நான் என் படியை உள்ளே இழுக்கிறேன். கட்டிங் மெஷின் ஒருநாள் வாடகைக்கு வருது, உங்களுதும் சேர்த்து அறுத்துடலாமா? வாடகையைப் பங்கு போட்டுக்கலாம்" என்று கேட்டுப் பாருங்கள். வாடகை பங்காகிறது என்றால் பேச்சு எளிதாக முடியும்.

*தள்ளுவண்டி, கூடைக்கடை:* வாசலோரம் பூ, பழம் விற்பவரை நீங்களே அகற்ற முயலாதீர்கள். 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. உங்கள் கடையின் சரக்கு வெளியே வழிகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

படி 3: எழுத்தில் அனுமதி

வாய்வார்த்தையில் வாங்கிய அனுமதி, ஊராட்சிச் செயலர் மாறினால் போய்விடும். ஊராட்சித் தலைவரின் பெயருக்கு எழுதுங்கள். பெரம்பலூர் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019-ல் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. தலைவர் இல்லாத காலத்தில் மனு தனி அலுவலருக்குப் போகவேண்டும். மாதிரி:

> பெறுநர்: தலைவர் / தனி அலுவலர், சிறுவாச்சூர் கிராம ஊராட்சி, பெரம்பலூர் ஒன்றியம்.
> பொருள்: ........ தெரு, கதவு எண் ....-க்கு முன் உடைந்த நடைதளத்தைச் சொந்தச் செலவில் சரிசெய்ய அனுமதி கோருதல்.
> மேற்படி இடத்தில் .... அடி நீளம், .... அடி அகலத்துக்குத் தளம் உடைந்துள்ளது. பொதுமக்கள் நடக்க இடையூறாக உள்ளது. தெருவின் தற்போதைய மட்டத்தை உயர்த்தாமலும், வடிகாலை அடைக்காமலும், ஊராட்சி நிலத்தில் எந்த உரிமையும் கோராமலும் .... தேதி முதல் .... தேதிக்குள் பணியை முடித்துத் தருகிறேன். அனுமதி வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்.
> இணைப்பு: படங்கள் 3, அளவு வரைபடம்.

இதில் "மட்டத்தை உயர்த்தாமல்", "வடிகாலை அடைக்காமல்", "எந்த உரிமையும் கோராமல்" என்ற மூன்றையும் விடாதீர்கள். நாளைக்கு யாராவது ஆக்கிரமிப்பு என்று புகார் கொடுத்தால் உங்களைக் காப்பது இந்த வரிதான். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 4: தோண்டும் முன் பாதுகாப்பு

1. குடிநீர்க் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று தண்ணீர் திறந்துவிடும் ஊழியரைக் கேளுங்கள். வரைபடத்தில் இல்லாத இணைப்புகளும் அவருக்குத் தெரிந்திருக்கும்.
2. மின்கம்பத்தின் இழுகம்பி, எர்த் கம்பி இருக்கும் இடத்திலிருந்து விலகியே தோண்டுங்கள். மின்சாரச் சந்தேகம் எதற்கும் மின்னகம்: 94987 94987. இழுகம்பியை ஒருபோதும் அவிழ்க்கவோ தளர்த்தவோ கூடாது.
3. கட்டிங் மெஷினை எர்த் லீக்கேஜ் ட்ரிப்பர் உள்ள இணைப்பிலிருந்து மட்டும் எடுங்கள். ஒயரைத் தண்ணீரில் போடாதீர்கள். தூசி பறக்காமல் தண்ணீர் ஊற்றி அறுங்கள், முகக்கவசமும் கண்ணாடியும் போடுங்கள். கான்கிரீட் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.
4. ஈரச் சிமென்ட் தோலை அரிக்கும். ரப்பர் கையுறையும் பூட்ஸும் சித்தாளுக்கும் வாங்கிக்கொடுங்கள். கண்ணில் பட்டால் கால் மணி நேரம் நல்ல தண்ணீரில் விடாமல் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போகவேண்டும்.
5. சாக்கடைக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ யாரையும் இறக்காதீர்கள். கையால் கழிவகற்றுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். விஷவாயு தாக்கினால் உயிர் போகும். செப்டிக் டேங்க் கழிவை எடுக்க 14420-ஐ அழையுங்கள்.
6. தோண்டிய இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, இரவில் ஒளிரும் பட்டை ஒட்டிய ஒரு பீப்பாய் வையுங்கள். பொதுவழியில் ஆபத்தோ தடையோ ஏற்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 285-ன்கீழ் 5,000 ரூபாய் வரை அபராதம். யாராவது விழுந்து அடிபட்டால் அதைவிடக் கடுமையான பிரிவுகள் வரும்.

*கிழமை பார்த்து வேலை தொடங்குங்கள்:* கோயிலுக்குப் போகும் வழியில் உங்கள் வீடு இருந்தால் செவ்வாயன்று உடைத்து, புதன் காலை கான்கிரீட் போடுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் 48 மணி நேரம் ஆகிவிடும், ஆள் நடக்கலாம். சனிக்கிழமை தோண்டிவிட்டுத் திங்கள் கூட்டத்துக்குள் முடித்துவிடலாம் என்று திட்டமிட்டால், ஒரு மூட்டை சிமென்ட் வரத் தாமதமானாலும் பள்ளத்தோடு நிற்கவேண்டும்.

படி 5: உடைந்த தளத்தில் கான்கிரீட் போடுவது

10 அடி நீளம், 4 அடி அகலம், 4 அங்குலக் கனத்துக்கு வேண்டியவை: சிமென்ட் 3 மூட்டை, எம்-சாண்ட் சுமார் 5½ கன அடி, ஜல்லி சுமார் 11 கன அடி. இது 1 : 1½ : 3 கலவை, எம்-20 தரம். சேதாரத்துக்காகக் கொஞ்சம் கூடுதலாக வாங்குங்கள். பக்கத்திலேயே அரியலூர் சிமென்ட் ஆலைகள் இருப்பதால் பழைய சரக்கை வாங்க அவசியமில்லை. மூட்டையில் தயாரிப்பு வாரத்தைப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு மேல் ஆனதைத் தவிருங்கள்.

1. உடைந்ததை முழுதாக எடுங்கள். ஓரங்களைச் சதுரமாக அறுங்கள். வட்டமாக, கரடுமுரடாக விட்டால் ஓரத்திலிருந்தே மறுபடி பெயரும்.
2. மண்ணைப் பாருங்கள். பெரம்பலூர் வட்டாரத்தில் கரிசல் பரவலாக உண்டு. மழையில் ஊதி, வெயிலில் வெடிக்கும் அந்த மண்ணின் மேல் நேராகப் போட்ட தளம் நிற்காது. கரிசலாக இருந்தால் குறைந்தது ஓரடி தோண்டி எடுத்துவிட்டு, கிராவலோ கிரஷர் தூளோ நிரப்புங்கள்.
3. நிரப்புவதை 4 அங்குலம் 4 அங்குலமாகப் போட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்துத் திமிசு போடுங்கள். மொத்தமாகக் கொட்டிவிட்டு மேலே மட்டும் இடிப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.
4. மட்டம் பிடியுங்கள். தண்ணீர் நிரப்பிய டியூப் போதும். ஒரு முனையைச் சுவரோரத்திலும் மறுமுனையைச் சாக்கடையோரத்திலும் பிடித்து, குமிழி எதுவும் உள்ளே இல்லை என்று பார்த்துக்கொண்டு, தண்ணீர் நிற்கும் உயரத்தைச் சுவரிலும் நட்ட குச்சியிலும் பென்சிலால் குறியுங்கள். இரண்டு குறிகளும் ஒரே மட்டம். அங்கிருந்து கீழே அளந்து, 4 அடி அகலத்துக்கு 1 அங்குலம் சாக்கடைப் பக்கம் இறக்கம் கொடுங்கள். அதற்குமேல் சாய்த்தால் சக்கர நாற்காலி தெருப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். குறைத்தால் தண்ணீர் நிற்கும்.
5. வீட்டுச் சுவரை ஒட்டி அரை அங்குலம் தெர்மாகோல் வைத்துவிட்டுத் தளத்தைப் போடுங்கள். தளம் விரியும்போது சுவரைத் தள்ளாது.
6. ஒரு மூட்டைக்குத் தண்ணீர் 25 லிட்டருக்குமேல் வேண்டாம். வேலை சுலபமாக இருக்கட்டும் என்று சித்தாள் இன்னொரு வாளி ஊற்றுவார். அந்த வாளிதான் மேல்தளம் மாவாக உதிரக் காரணம். பக்கத்திலேயே நில்லுங்கள்.
7. போட்டு, கம்பியால் குத்தி, மட்டப்பலகையால் இழுங்கள். மேலே காய்ந்த சிமென்ட் பொடி தூவி வழவழப்பாகத் தேய்க்க விடாதீர்கள். மேற்பரப்பின் ஈரம் வற்றியதும் தென்னந்துடைப்பத்தால் குறுக்கே ஒருமுறை இழுங்கள். நடைபாதைக்கு வேண்டியது வழுக்காத சொரசொரப்பு. வாசலுக்கு மட்டும் பளபளப்பான டைல்ஸ் ஒட்டுவது மழைநாளில் ஆளை விழவைக்கும்.
8. 5 அடிக்கு ஒருமுறை ஓர் அங்குல ஆழத்துக்குக் கோடு வெட்டுங்கள். விரிசல் வந்தால் அந்தக் கோட்டில்தான் வரும்.
9. மறுநாளிலிருந்து 10 நாள் ஈரம் காயவிடாதீர்கள். இப்போது கடையில் கிடைப்பதில் பெரும்பாலானது பி.பி.சி. சிமென்ட், அதற்கு 7 நாள் போதாது. ஈரச் சாக்கைப் போர்த்தி வைத்தால் தண்ணீர்ச் செலவு குறையும். 7 நாளைக்கு முன் பைக்கை ஏற்றாதீர்கள்.

இந்தச் சொரசொரப்பில் கோலம் போட வருமா என்று வீட்டில் கேட்பார்கள். துடைப்பக்கோடு மெல்லியதாக இருந்தால் கோலம் நன்றாகவே விழும்.

படி 6: சாக்கடை மூடி

வாசலில் விழுபவர்களில் பலர் மூடியில்தான் விழுகிறார்கள். நீளமாக ஒரே பலகையாக வார்த்துச் சிமென்ட் பூசி அடைத்துவிடுவது வழக்கம். பிறகு அடைப்பு எடுக்க முடியாமல் அதையே உடைக்கிறார்கள். கழற்றக்கூடிய சிறு மூடிகளாகச் செய்யுங்கள்.

- அளவு: 2½ அடி × 1½ அடி × 3 அங்குலம். எடை ஏறக்குறைய 65 கிலோ வரும். இரண்டு பேர் தூக்கலாம்.
- 8 மி.மீ. கம்பி, இரு திசையிலும் 6 அங்குல இடைவெளி. கம்பி அடிப்பக்கம் இருக்கவேண்டும், கீழே முக்கால் அங்குலக் கான்கிரீட் மறைவோடு. கம்பியைத் தரையில் போட்டு மேலே கொட்டினால் துருப்பிடித்து உதிரும். மேல்பக்கம் மிதக்கவிட்டால் ஒரு பைக்குக்கே உடையும்.
- வார்க்கும்போது மேல்பக்கத்தில் "மேலே" என்று கீறிவையுங்கள். தலைகீழாகப் போடப்பட்ட மூடி அதிகம் தாங்காது.
- தூக்கும் கொக்கியைக் குழிக்குள் வையுங்கள். மேலே துருத்தினால் கால் தடுக்கும்.
- இரண்டு மூடிகளுக்கு இடையே இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். ஊன்றுகோல் முனை மாட்டிக்கொள்ளும்.
- கார் ஏறும் வாசல் என்றால் இந்த அளவு போதாது. பொறியாளரிடம் வரைந்து வாங்குங்கள்.

பேவர் பிளாக் இறங்கியிருந்தால்

இது அரைநாள் வேலை. இறங்கிய இடத்தையும் சுற்றி ஒரு வரிசையையும் நெம்பி எடுங்கள். பழைய மணலை அள்ளிவிட்டு, அடித்தளத்தைக் கிரஷர் தூளால் நிரப்பித் திமிசு போடுங்கள். பிறகு ஓர் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் மணல் பரப்பிச் சமன் செய்து, கற்களை அண்டைத் தளத்தைவிடக் கால் அங்குலம் உயரமாக அடுக்கி, ரப்பர் சுத்தியால் தட்டி இறக்குங்கள். இடுக்குகளில் நைஸ் மணலைப் பெருக்கித் தள்ளுங்கள். சிமென்ட் கலவையால் இடுக்கை அடைப்பது தவறு; அடுத்தமுறை எடுக்கும்போது கல் உடையும். புதிதாக வாங்கினால் பைக் போகும் இடத்துக்கு 60 மி.மீ. கனம் கேளுங்கள். ஓரத்தில் கட்டைக்கல் இல்லாத பேவர் ஒரு மழைக்கு மேல் நிற்பதில்லை.

படி 7: ஊராட்சி செய்யவேண்டியதைக் கேட்டு வாங்குவது

உங்கள் பங்கு முடிந்ததா? இனி இந்த வரிசையில் போங்கள்.

1. கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இரண்டு வாரம் முன்னரே மனுக் கொடுத்து, கூட்டத்தில் எழுந்து பேசி, தீர்மானமாகப் பதிவாகிறதா என்று கவனித்து, தீர்மான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். "நம் தெருவைச் சரிசெய்யவும்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். இந்த வீட்டிலிருந்து அந்த வீடு வரை, இத்தனை அடி, வடிகாலோடு சேர்த்து என்று சொல்லுங்கள்.
2. நமக்கு நாமே திட்டம். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கொடுத்தால் மீதியை அரசு போடும். தெருவே சேர்ந்து பணம் போட்டுச் செய்ய நினைப்பவர்களுக்கு இதுதான் சரியான வழி. தாங்களாகவே ஒப்பந்தக்காரரைப் பிடித்துப் போடும் தெருவுக்கு, செய்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகமும் இருக்காது, பிறகு பராமரிப்பும் கேட்க முடியாது. விண்ணப்பம் மாவட்ட ஆட்சியருக்கு.
3. ஆட்சியர் அலுவலகம். திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். தீர்மான நகல், படங்கள், முந்தைய மனுவின் முத்திரைப் பிரதி மூன்றையும் வையுங்கள். பெரம்பலூருக்குப் போகமுடியாதவர்கள் 1100-ல் பதியலாம்.
4. தகவல் உரிமை. 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, உங்கள் தெருவுக்கு எந்த ஆண்டு எவ்வளவு மதிப்பீட்டில் வேலை நடந்தது, அளவுப் புத்தகத்தின் நகல், ஒப்பந்தத்தின் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் ஆகிய மூன்றையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும். பொறுப்புக் காலத்துக்குள் உடைந்த தளத்தை ஒப்பந்தக்காரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்று எழுதலாம்.
5. நெடுஞ்சாலைத் துறைச் சாலை என்றால் 2023-ல் வந்த நம்ம சாலை செயலியில் படத்தோடு பதியுங்கள்.
6. வழியே அடைபட்டு ஆபத்தாக இருந்தால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 152-ன்கீழ் நிர்வாக நடுவரிடம் மனுச் செய்யலாம். பொதுவழியிலுள்ள தடையை அகற்ற உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு உண்டு.

மனுவில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: 2025 மே 14 அன்று உச்ச நீதிமன்றம், தடையற்ற, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தக்கூடிய நடைபாதை அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்று கூறியிருக்கிறது. இந்திய சாலைப் பேராயத்தின் வழிகாட்டுதல், நடக்கும் பகுதிக்குக் குறைந்தது 1.8 மீட்டர் தெளிவான அகலமும், 15 செ.மீ.-க்கு மேற்படாத ஓர உயரமும் கேட்கிறது. சிறுவாச்சூரின் ஒடுக்கமான தெருக்களில் 1.8 மீட்டர் எங்கும் கிடைத்துவிடாது. அப்படிப்பட்ட தெருவில் தனி நடைபாதை கேட்பதைவிட, தெருமுழுக்க ஒரே மட்டமாக, மூடிய வடிகாலோடு, வேகத்தடையோடு கேட்பது புத்திசாலித்தனம்.

உங்களுக்கே நோட்டீஸ் வந்தால்

தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டம், 1905, பிரிவு 7-ன்கீழ் வரும் நோட்டீஸ் விளக்கம் கேட்கும் நோட்டீஸ். பயந்து ஓடவும் வேண்டாம், கிழித்துப் போடவும் வேண்டாம். குறிப்பிட்ட நாளுக்குள் பட்டா நகல், அளவுப் படங்களோடு எழுத்தில் பதில் கொடுங்கள். பதில் இல்லாவிட்டால் பிரிவு 6-ன்கீழ் அகற்றும் உத்தரவு வரும். உங்கள் படி உண்மையிலேயே வெளியே இருந்தால், அதை நீங்களே அறுத்து எடுத்துக்கொள்ளச் சில நாள் அவகாசம் கேளுங்கள். பொக்லைன் வந்து எடுத்தால் படியோடு முன்சுவரும் போகும்.

வருடாவருடம்

புரட்டாசியிலேயே ஒரு நாள் ஒதுக்குங்கள். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எதுவும் செய்யமுடியாது. சாக்கடை மூடிகளைக் கம்பியால் தட்டிப் பாருங்கள்: கணீரென்று கேட்டால் நல்லது, பொத்தென்று கேட்டால் உள்ளே உதிர்கிறது, மாற்றுங்கள். ஒரு குடம் தண்ணீரைச் சுவரோரம் ஊற்றி, அது எங்கே நிற்கிறது என்று பார்த்து அந்த இடத்தைச் சரிசெய்யுங்கள். பிறகு நீங்கள் செய்த வேலையின் படம், தேதி, அனுமதிக் கடிதம், பில் எல்லாவற்றையும் வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். வீட்டை விற்றாலும் வாடகைக்கு விட்டாலும் அதன் ஒரு நகலை அடுத்து வருபவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.